விசிறி நிற்கும்வரை

முன்பெல்லாம் புரொஜெக்டரை நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. ரிமோட்டில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் உள்ளே இருக்கும் லேம்ப் அணைந்துவிடும். ஆனால் விசிறி நிற்காது. லேம்பின் சூடு தணிவதற்கு இன்னும் இரண்டு நிமிடம் அது ஓடியாக வேண்டும். அதற்குள் யாராவது அவசரப்பட்டு மெயின் சுவிட்சைத் தட்டினால் லேம்பின் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும் முன் நான் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். "படம் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிராதீங்க. விசிறி நிக்கிற வரைக்கும் உக்காந்திருங்க."

நான் கோகுலகண்ணன். கோயமுத்தூரில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பவன். பதினொரு வருட அனுபவம் என்று கடை போர்டிலேயே எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை இப்போது அழித்துவிட்டேன்.

தொழிலில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புரொஜெக்டரை மாட்டி முடித்ததும் மற்றவர்கள் திரையைப் பார்த்துப் படத்தைச் சரிசெய்வார்கள். நான் வீட்டுக்காரர்களை அவரவர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அவர்களுடைய முகத்தைப் பார்ப்பேன். லேம்புக்கு வயதாக ஆக வெளிச்சம் மங்கும், நிறமும் மாறும். திரையில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தெரிந்த மனிதரின் முகத்தில் சட்டென்று தெரிந்துவிடும். ஆளில்லாத அறை எனக்கு அறையே இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டிருக்கிறேன்.

வடவள்ளியில் மோகனசுந்தரம் அண்ணா வீட்டு மாடியில் முதல் புரொஜெக்டரை மாட்டியதும் நான்தான். அவர் பம்ப் செட் தயாரிக்கும் பட்டறை வைத்திருந்தார். மனைவி அம்பிகா அக்கா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இரண்டு பேரும் மாடிக்குப் போய் ஒரு படம் பார்ப்பார்கள். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் அண்ணா. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லேம்ப் மாற்ற நான் போவேன். போனால் சாப்பிடாமல் வர முடியாது.

அந்த வருடம் புது வகை எல்.இ.டி. புரொஜெக்டர் வந்தது. எல்.இ.டி. ஏற்கெனவே இருந்ததுதான், இது அறையைப் பார்க்கும் எல்.இ.டி. கம்பெனி எங்களை எல்லாம் சென்னைக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. ஷெரின் என்ற பொறியாளர் வகுப்பெடுத்தார்.

"சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு லைட்டும் மாறி மாறி எரியும். ஒண்ணு அணைஞ்சு இன்னொண்ணு எரியறதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத ஒரு இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில அதே எல்.இ.டி. விளக்கா இல்லாம கண்ணா வேலை செய்யும். அறையில பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை அளந்து, சுவரு என்ன கலர், திரைச்சீலை எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டு படத்தைத் தானே சரி பண்ணிக்கும்."

"அப்ப எங்களுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது.

"டேப்லெட்ல அறையோட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோடு வரும். ஆடுற கோடு இருந்தா அதை நீக்கச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தணும், அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. அளக்கறப்போ அறையில ஆள் இருக்கக் கூடாது."

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். சென்னையில் உட்கார்ந்து பாடம் எடுப்பவர்களுக்கு வீடுகளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மோகனசுந்தரம் அண்ணா வீட்டில் லேம்ப் கடைசி மூச்சில் இருந்த சமயம் அது. அந்த லேம்பே இனி தயாரிப்பதில்லை என்று ஆகிவிட்டது. எல்.இ.டி.க்கு மாறச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினேன்.

"இது எத்தனை வருசம் வரும் கோகுலு?" என்று அண்ணா கேட்டார்.

"முப்பது வருசம் தொந்தரவே இல்லைங்ணா. லேம்ப் மாத்தற வேலையே கிடையாது. சூடாகாது, விசிறி ஓடற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அழுத்துனா எரியும், அழுத்துனா அணையும்."

"அப்ப நீ இந்தப் பக்கமே வர மாட்டேன்னு சொல்லு."

"லேம்ப் போனா போகட்டும் தம்பி, நீங்க வந்துட்டுப் போயிட்டு இருங்க," என்றார் அம்பிகா அக்கா. காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். மாடி ஏறி வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரையும் வழக்கம்போல உட்காரவைத்து அளவெடுக்க ஆரம்பித்தேன். நான்கு நிமிடம் திரையில் வெறும் வெள்ளை மட்டும் இருக்கும். பழைய கோகுலாக இருந்தால் அந்த நான்கு நிமிடமும் அவர்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். அன்றைக்கு டேப்லெட்டில் கோடுகள் நகர்வது புதுசாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாக் கோடும் நேராக வந்தது. இடது இருக்கையின் கோடு மட்டும் ஆடியது. ஆட்டத்தில் ஒரு ஒழுங்கும் இல்லை. சட்சட்டென்று இரண்டு துள்ளல், கொஞ்சம் தாமதித்து ஒன்று, மறுபடியும் மூன்று. கோடு சிவப்பாக மாறி, "நீக்கவா?" என்று கேட்டது.

அக்கா எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது எந்த இடம் தம்பி?"

"இடது பக்கங்க்கா. உங்க சீட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்னன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"பதினொரு வருசமா இதே வேலைங்க்கா. வெறும் இரைச்சல். இன்னும் மூணு வீட்ல இதே மாதிரி வந்துச்சு. இப்பப் பாருங்க." பொத்தானை அழுத்தினேன். கோடு படுத்துவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க்கா."

அக்கா சிரித்தார். "எனக்குத்தான் எங்க பார்த்தாலும் அதுவாவே தெரியுது போங்க," என்றார். எது என்று நான் கேட்கவில்லை. அடுத்து பீளமேட்டில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் சமையலறையில் அம்பிகா அக்கா கீழே விழுந்தார். இதயத் துடிப்பு தாறுமாறாகி, அதனால் ரத்தக் கட்டி உண்டாகி மூளைக்குப் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது. எழவுக்குப் போனேன். அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாடிக்கு அதிகமாப் போகவே இல்ல கோகுலு, புதுசுல ரெண்டே ரெண்டு படம்தான் பார்த்தோம்," என்று அழுதார். நானும் அழுதேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஷெரின் காந்திபுரத்தில் இருக்கும் என் கடைக்கு நேரிலேயே வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். வழக்கமாகக் கலகலப்பாகப் பேசுபவர் அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கோகுல் சார், நீங்க ஆள் வச்சு அளவெடுக்கற பழக்கம் உள்ளவரா?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நாங்க யோசிக்கவே இல்ல சார். தோலுக்கடியில ரத்தம் ஒவ்வொரு தடவை பாயறப்பவும் முகத்தோட நிறம் துளி மாறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்த எல்.இ.டி.க்குத் தெரியுது. அறையில ஆள் இருந்தா அவங்க துடிப்பும் சேர்ந்து பதிவாகும். ஒழுங்கா துடிச்சா ஃபேன் சுத்தற மாதிரி எதுவோன்னு நினைச்சு மெஷினே கழிச்சுடும். ஒழுங்கில்லாததை மட்டும் அதுக்குக் கழிக்கத் தெரியாது. அதைத்தான் உங்ககிட்ட கேட்டிருக்கும்."

"எது துடிச்சா?" என்றேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"இதயம் சார்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"உங்க கணக்குல நாலு வீட்ல அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கீங்க. நாடு முழுக்கப் பார்த்தா இருநூத்திச் சொச்சம் பேர் இருப்பாங்க."

"அந்த இருநூறு பேருக்கும் சொல்லிட்டீங்களா?"

ஷெரின் மேசையைப் பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வீட்டுக்குள்ள இருக்கற புரொஜெக்டர் நெஞ்சுத் துடிப்பை எட்டிப் பார்க்குதுன்னு தெரிஞ்சா யார் சார் அதை வச்சுக்குவாங்க? அந்தக் கண்ணையே மூடிடப் போறாங்க. நெட் இணைப்பு உள்ள மெஷின்ல எல்லாம் தானா அழிஞ்சிடும். வடவள்ளி மெஷின் மூணு மாசமா ஆஃப்லயே இருக்கு. அதை மட்டும் நீங்க நேர்ல போய் அழிக்கணும்."

"எதை அழிக்கணும்?"

"ஒரு இரைச்சலைப் படத்துல இருந்து கழிக்கணும்னா அந்த இரைச்சல் என்னன்னு மெஷினுக்கு ஞாபகம் இருக்கணும் இல்லையா? அதனால அந்த நாலு நிமிஷத்தை அப்படியே சேமிச்சு வச்சிருக்கும்."

ஒரு சின்ன பென் டிரைவையும், 'இலவச சர்வீஸ் செய்யப்பட்டது' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு தாளையும் என் முன்னால் வைத்தார். "எனக்கும் இது பிடிக்கல சார்," என்றார். பிடிக்காமலேயே எத்தனையோ வேலை நடந்துவிடுகிறது.

அவர் போனதும் மற்ற மூன்று வீடுகளுக்கும் போன் செய்தேன். ஒருவர் பதறிப் போய் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, மறுநாள் எனக்கு நன்றி சொன்னார். இன்னொருவர், "என் வீட்டுக்குள்ள வந்து என் நெஞ்சை வேவு பார்க்க நீ யாருடா?" என்று கத்திவிட்டு போனை வைத்தார். மூன்றாவது வீட்டில் கடைசிவரை எடுக்கவில்லை. நேரில் போனபோது வீடு பூட்டியிருந்தது.

வடவள்ளிக்கு ஒரு சாயங்காலம் போனேன். மோகனசுந்தரம் அண்ணா பாதியாகியிருந்தார். "வா கோகுலு, எத்தனை நாளாச்சு. சாப்பிடறயா?" என்றார். அக்கா இல்லாத வீட்டில் அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. சர்வீஸ் என்று சொல்லி மாடிக்குப் போனேன். படிக்கட்டு விளக்கு ஃபியூஸ் போயிருந்தது. அவரும் பின்னாலேயே தடவித் தடவி ஏறி வந்து வலது நாற்காலியில் உட்கார்ந்தார். இடது நாற்காலியின் கைப்பிடியில் அக்காவின் சால்வை அப்படியே கிடந்தது.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்தேன். சொருகினால் அரை நிமிட வேலை. அவர் கையெழுத்தும் போட்டுவிடுவார். நான் நீட்டும் தாளை ஒரு நாளும் அவர் படித்துப் பார்த்ததில்லை. அதுதான் என்னைத் தடுத்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணா, சர்வீசுக்கு வரலைங்க. ஒண்ணை அழிக்க வந்தனுங்க," என்றேன்.

மெஷினைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஷெரின் சொன்னதுபோல எனக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை. அவர் பட்டறைக்காரர், சுலபமாகப் புரிந்துகொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப அவ துடிப்பு இதுக்குள்ள இருக்குதா?"

"நாலு நிமிசம் இருக்குதுங்ணா."

"பார்க்க முடியுமா?"

ஆன் செய்ததும் தானாக அழிந்துவிடக் கூடாதே என்று முதலில் நெட் கேபிளை உருவினேன். படங்களிலிருந்து இத்தனை நாளும் கழிக்கப்பட்டதை மட்டும் தனியாகத் திரையில் காட்டச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை கொடுத்தேன். திரை சாம்பல் நிறமானது. இடது பக்கத்தில் ஓர் இடம் மட்டும் லேசாக ஒளிர்ந்து மங்கியது. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, பிறகு மூன்று. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். அண்ணா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்து பார்த்தார். நான்கு நிமிடம் முடிந்ததும், "இன்னொரு தடவை போடு," என்றார். மூன்று தடவை போட்டபின் விடாமல் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இதை அழிக்காதே கோகுலு."

"சரிங்ணா." எழுந்து, உருவிய நெட் கேபிளைத் திரும்பச் சொருகாமல் கையில் சுற்றிக்கொண்டேன். கம்பெனிக்கு அழித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஏதோ பெரிய பாவத்துக்குப் பரிகாரம் செய்துவிட்டதுபோல மனசு கொஞ்சம் லேசானது. அப்படி லேசானதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணா திரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"பழைய மெஷின் இருந்தப்போ படம் முடிஞ்சதும் நீ சொன்ன மாதிரியே விசிறி நிக்கிற வரைக்கும் உக்காந்திருப்போம். அவ லேசுல வாயைத் திறக்கற ஆளில்ல. மனசுல இருக்கறதெல்லாம் அந்த ரெண்டு நிமிசத்துலதான் வரும். மகளைப் பத்தி, அவ உடம்பைப் பத்தி, எல்லாமே. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கன்னு ஒரு நாள் அப்பத்தான் சொன்னா. நான்தான் டாக்டரைப் பாருன்னு புடுச்சு அனுப்பப் பார்த்தேன். நீ இதை மாட்டுன பாரு, அதுக்கு மறுநாள் திங்கக்கிழமை, அன்னைக்கு அப்பாயின்மென்ட்டே வாங்கி வச்சிருந்தா."

"போகலைங்களா?" என்று கேட்டேன்.

"நீ கிளம்புன உடனே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டா. ஏன்னு கேட்டேன். சிரிச்சா. 'ஆஸ்பத்திரில இருபத்திரெண்டு வருசம் ஈசிஜி எடுத்துட்டு, இப்பக் கண்ட கோட்டைப் பார்த்தாலும் அதாத்தான் தெரியுது. எல்லாம் என் பயந்தான், வேற ஒண்ணுமில்லீங்க'ன்னா. எந்தக் கோட்டைச் சொன்னாளோ, நான் கேட்டுக்கலை."

அம்பிகா அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்று எனக்குத் தெரியும். என்ன வேலை என்று பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அந்த வீட்டுத் திரைச்சீலை என்ன துணி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

திரையில் அந்த இடம் ஒளிர்ந்து மங்கிக்கொண்டிருந்தது. அண்ணா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்குத்தான் பழையபடி நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு இந்தக் கோட்டை அவ பார்த்தாளா?"

"பார்த்தாங்கண்ணா."

"நீ என்ன சொன்னே?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவும் நானும் தவிர அந்தப் பேச்சைக் கேட்டவர் யாருமில்லை. அன்றைக்கு அந்த நான்கு நிமிடம் முடிவதற்குள் அண்ணா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார், எனக்கு நினைவிருக்கிறது.

"வெறும் இரைச்சல்னு சொன்னனுங்க. பதினொரு வருச அனுபவம்னு சொன்னனுங்க. அவங்க பார்த்துட்டு இருக்கறப்பவே அழுத்திக் காட்டுனனுங்க."

அவர் ரிமோட்டை எடுத்து ஒரு தடவை அழுத்தினார். எல்.இ.டி. அந்தக் கணமே அணைந்தது. பழைய லேம்பாக இருந்தால் இரண்டு நிமிடம் விசிறி ஓடியிருக்கும். அது நிற்கும்வரை எழுந்து போகக் கூடாது என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், நான் அவர் காலில் விழுந்து அழுதிருக்கலாம். ஒரு சத்தமும் இல்லாத இருட்டில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வாசலை எட்டியபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"பார்த்துப் போ கோகுலு. படில லைட்டு இல்ல."